இரண்டாவது போட்டுக்கு நிற்கிறவர்

மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் முதல் போட்டில் அவர் ஏறி நான் பார்த்ததே இல்லை. எர்ணாகுளம் போகிற போட் வந்து நிற்கும், கயிறு போடுவார்கள், ஜனம் முட்டி மோதி ஏறும். அவர் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் போகவிடுவார். பாதி போட் காலியாக இருந்தாலும் போகவிடுவார். "என்ன அண்ணாச்சி, இந்தப் பொண்ணும் புடிக்கலியா?" என்று எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் போட்டிலிருந்தே கத்துவார்கள். "நீங்க போங்க, நா அடுத்ததுல வாறேன்" என்பார். முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது.

சாயாவும் அப்படித்தான். எல்லோரும் குடித்து முடித்து கிளாஸைக் கழுவி வைத்த பிறகும் அவர் கிளாஸ் அப்படியே இருக்கும். மேலே பாலாடை படிய வேண்டும். அந்த ஆடையை விரலால் எடுத்து ஓரத்தில் ஒட்டிவிட்டு, பிறகுதான் வாய் வைப்பார். சொந்த வீட்டுக்குள் போகும்போதுகூடக் கதவைத் தள்ளிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "பேயொண்ணும் இல்ல, கேறி வாங்க" என்பாள். தினமும் சொல்வாள், தினமும் நிற்பார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் லைனில் மிச்சமிருக்கிற நாலு பேருக்கும் தெரிந்துவிடும். தன்னைப் பற்றி யாராவது பேசினாலே எழுந்து போய்விடுகிற மனிதர் அவர். எங்களுக்கு அடுத்த வீடு. என் அப்பாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர். ஒன்பது வயதுவரை அவரை மாமா என்று கூப்பிட்டேன். அதற்கப்புறம் பதிமூன்று பதினாலு வருஷம் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு கொள்ளுத் தாத்தா இந்த வேலைக்கென்றே வந்து சேர்ந்தார் என்று கேள்வி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வேலையில் வாயே திறக்கக்கூடாது. சாக்கடையை நாங்கள் கானை என்போம். ஊரின் கானைகளும் செப்டிக் டேங்குகளும் எங்கள் ஆட்கள் கையில் இருந்தன. சுக்குக் கிடங்குகளைத் தாண்டி யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் போகிற வெள்ளைக்காரர்கள் மூச்சை இழுத்து, என்ன வாசனை என்று சொல்லிச் சொல்லிப் போட்டோ எடுப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த வாசனை வேறு. அப்பா வேலை முடிந்து வந்து என்னைத் தூக்கினால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அது எனக்கு அப்பாவின் வாசனை. அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

வேலையில் அவருடைய நிற்கிற பழக்கம் எல்லோருக்கும் தலைவலி. டேங்க் மூடியைத் திறந்ததும் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தரையில் குப்புறப் படுத்து உள்ளே பார்ப்பார். "பாற்ற ஓடுதா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். பாற்ற என்றால் கரப்பான் பூச்சி. உள்சுவரில் கரப்பான் ஓடினால் மனுஷன் இறங்கலாம் என்பது அவர் கணக்கு. அடுத்த கேள்வி, "நாத்தம் இருக்கா?" மற்றவர்கள் நாற்றம் எப்போது போகும் என்று காத்திருப்பார்கள். இவர் நாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார். "நாறுற வரைக்கும் ஒண்ணுமில்ல. திடீர்னு நாத்தம் நின்னுச்சுன்னா மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நாமதான்" என்பார். என் அப்பா வாய்த்துடுக்கு. "அண்ணன் முகூர்த்தம் பாத்துத்தான் கானைல எறங்குவாரு. யாராவது மேளக்காரனக் கூட்டிட்டு வாங்கப்பா" என்று சத்தமாகச் சொல்வாராம். அவரும் கேட்டுக்கொண்டு படுத்தே கிடப்பாராம்.

அப்பா செத்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெளிவேலை. ஒரு லாட்ஜுக்குப் பின்னால் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. சாயந்திரம் விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் முடிக்கணும் என்று லாட்ஜ்காரர்கள் விரட்டினார்கள். அப்பா, அவர், என் சித்தப்பா, மூன்று பேர் போனார்கள். சித்தப்பாவுக்கு அப்போது இருபது வயது. நான் அங்கே இல்லை. ஆனால் சித்தப்பா சொல்லிச் சொல்லி நானே நின்று பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

மூடியைத் திறந்து அவர் படுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு கரப்பான்கூட இல்லை. "இன்னிக்கு வேண்டாம். தெறந்து கெடக்கட்டும், நாளைக்குப் பாக்கலாம்" என்றிருக்கிறார். லாட்ஜ்காரன் திட்டினான். அப்பா சிரித்துக்கொண்டே, "உங்க முகூர்த்தத்துக்கு நின்னா நான் அடுத்த தீவாளிக்குத்தாண்ணே வீடு போய்ச் சேருவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ரெண்டு வாளி வந்தது. மூன்றாவது வாளிக்குக் கீழேயிருந்து, "இப்ப நாத்தமே இல்லண்ணே" என்று குரல் கேட்டது. "கேறு! மேல கேறுடா!" என்று அவர் கத்தினார். அதற்குப் பதில் வரவில்லை.

சித்தப்பா, "அண்ணா" என்று அலறிக்கொண்டு குதிக்கப் போனார். அவர் பிடித்தார். இடுப்பில் கட்டியிருந்த தோர்த்துத் துண்டால் சுற்றி இழுத்து, கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். சித்தப்பா அவர் மணிக்கட்டைக் கடித்தார். சதை கிழிந்தும் அவர் விடவில்லை. ஃபயர் ஃபோர்ஸ் வந்து அப்பாவை எடுக்கிறவரை விடவில்லை. எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்புறம் லைனில் ஒரே பேச்சு. கூட்டாளி உள்ளே கிடக்கிறான், இவன் மேலே உட்கார்ந்திருந்தான். இறங்கப் போனவனையும் விடவில்லை. பேடித்தூறி. பயந்தாங்கொள்ளிக்கு மலையாளத்தில் இதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், சித்தப்பா முகத்துக்கு நேராகச் சொன்னார். காலையில் பல் விளக்கும்போது சொல்வார். அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது துப்பிவிட்டுத் தாண்டுவார். அவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள், அவரைத் திட்டியே பொழுதைக் கழித்தார். அன்றைக்கு எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

அம்மா சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவள் திட்டவில்லை. அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். அதுவரைக்கும் வாய்க்கு வாய் அண்ணே என்று கூப்பிட்டவள், சுவர் ஒன்றாக இருக்கிற வீட்டில் அப்படி ஒருவர் இல்லாத மாதிரி இருந்தாள். நான் என் பங்குக்குக் குழாயடியில் அவர் குடத்தை உதைத்துக் கவிழ்ப்பேன். அவர் நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்பார். ஒரு நாளாவது என்னை அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பாவி மனுஷன், அடிக்கவுமில்லை.

மழைக்காலத்தில் கானையும் ரோடும் ஒன்றாகிவிடும். எங்கள் திருப்பத்தில் கானையின் மேல் ஒரு சிலாப் இல்லை. தண்ணீர் நிறைந்தால் அந்த ஓட்டை தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் அவர் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில், கையில் ஒரு தென்னை மட்டையோடு, பள்ளிக்கூடம் விடுகிறவரை நிற்பார். நான் வந்தால், "இந்தப் பக்கமாப் போ மோளே" என்பார். நான் காது கேட்காதவள் மாதிரி, ஆனால் அவர் சொன்ன பக்கமாகவே போவேன். அந்த மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு வளையல் மாதிரி வெளுத்துத் தெரியும்.

நான் ஜியாலஜி படித்தது ஆசைப்பட்டு அல்ல. வேறு எதிலும் இடமில்லை. படிக்க ஆரம்பித்த பிறகு பிடித்துப்போனது. இரண்டாம் வருஷம் எரிமலை வாயுக்கள் என்று ஒரு பாடம். ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டை நாற்றம், காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும், அளவு கூடினால் முதலில் மோப்ப உணர்ச்சி செத்துவிடும். மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அவர் சொன்னது அச்சில் இருக்கிறது! எனக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு சரியாகத் தெரிந்த மனிதன் என் அப்பாவை எப்படி இறங்கவிட்டான்? இறங்கினவரை எப்படி விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்? புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஜப்பானில் மேல்படிப்புக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துப் புறப்பட்டபோது லைனே ஜெட்டிக்கு வந்தது. இரண்டாயிரமாவது ஆண்டு தாண்டி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் வழக்கம்போலத் தூணோரம். நான் கடக்கும்போது கேட்டார்.

"அங்க என்ன மோளே பாக்கப் போற?"

அத்தனை பேர் முன்னால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. "எரிமலை" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அது நாறுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. உலகத்திலேயே எரிமலையைப் பற்றி இந்த ஆளுக்குக் கேட்கத் தோன்றியது இதுதானா? முதல் போட்டில் ஏறினேன்.

அங்கே போன மறு வருஷம், மே மாதம், ஒரு எரிமலைக்குக் களப்பயணம். பேராசிரியரும் ஆறு மாணவர்களும். மேலே இன்னும் பனி மிச்சமிருந்தது. ஓடைப் பள்ளங்களில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. பாறை இடுக்குகளிலிருந்து புகை வந்தது, பக்கத்தில் மஞ்சளாகக் கந்தகம். முதல் வளைவிலேயே அந்த நாற்றம். மற்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். நான் கண்ணை மூடி நின்றேன். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, பனிக்கு நடுவில், என் அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அழுகை வந்துவிட்டது.

பேராசிரியர் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்திருந்தார். நாற்றம் கூடுகிற இடத்தில் போடணும். நான் போடவில்லை. "இதெல்லாம் ஒரு நாற்றமா? எங்கள் ஊரில் இதில்தான் பிறந்து வளர்ந்தோம்" என்று தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் பெருமை அடித்துக்கொண்டேன். ஊரில் எதை மறைத்து மறைத்துப் படித்தேனோ, அதையே அங்கே பெருமையாகச் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. என்னைப் பார்த்து மிசாக்கியும் கென்னும் மாஸ்க்கைப் பையோடு மேட்டிலேயே வைத்துவிட்டார்கள். மிசாக்கி என்னோடு அறையில் இருந்தவள். கென் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

மூன்று பேரும் ஒரு பள்ளத்தின் விளிம்பில் அளவெடுத்துக்கொண்டிருந்தோம். சூட்டில் அடிப்பனி உருகி, கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. கென்னின் வெப்பமானி கைதவறி உருண்டு அதற்குள் விழுந்தது. ஆளுயரம்தான் இருக்கும். சறுக்கி இறங்கினான். குனிந்து எடுத்தான். நிமிர்ந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "இங்கே நாற்றமே இல்லை."

"கேறு! மேல கேறு!" என்று கத்தினேன். தமிழில் கத்துகிறேன் என்றுகூடத் தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்தபடியே முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

மிசாக்கி ஓடினாள். நான் அவள் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்தேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. அவள் கத்தினாள், என் கையைப் பிறாண்டினாள், அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அலறினாள். மேட்டில் மாஸ்க் இருக்கிறது. இவளை விட்டால் இறங்கிவிடுவாள். விடாவிட்டால் மாஸ்க்கை எடுக்க முடியாது. கென்னின் விரல்கள் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "சென்செய்! சென்செய்!" என்று பேராசிரியரைக் கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நிமிஷம் என் எதிரிக்கும் வரக்கூடாது.

பேராசிரியர் மாஸ்க்கோடும் கயிற்றோடும் வந்து அவனைத் தூக்கினார். கென் பிழைத்தான். பத்து நாள் ஆஸ்பத்திரி. முதல் நாள் சாயந்திரம், தாழ்வாரத்தில், மிசாக்கி என்னைக் கேட்டாள்: "சென்செய் வராமல் போயிருந்தால் என்னை விட்டிருப்பாயா?"

"மாட்டேன்" என்றேன்.

"அவன் செத்திருந்தாலும்?"

"செத்திருந்தாலும்."

அவள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. அவள் பக்கம் நியாயம் இல்லையென்று நான் எப்படிச் சொல்வேன்? அவனை மாஸ்க் இல்லாமல் ஆக்கியதே நான்தான். ஊரில் அவர் எச்சரித்துவிட்டுப் பழி சுமந்தார். நான் கெடுத்துவிட்டுத் தப்பித்தேன். அன்றைக்கு என் கை நடுங்கிய நடுக்கத்தில் மெஷினிலிருந்து எடுத்த காப்பி முழுக்கத் தரையில் கொட்டியது. அப்பாவின் காரியத்தன்று அவருக்குக் கொடுத்த சாயாவும் இப்படித்தான் தளும்பியது. குற்றமுள்ள நெஞ்சு என்று அன்றைக்குச் சித்தப்பா சொன்னார். நானும் நம்பினேன்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்ததும் பையை வைத்துவிட்டு நேராக ஜெட்டிக்குப் போனேன். அவர் ரிட்டயராகியிருந்தார். போக வேண்டிய இடம் இல்லாவிட்டாலும் அங்கேதான் நின்றார்.

"மாமா" என்றேன்.

வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் மாஸ்க் பெருமையையும் மறைக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "நாறுச்சா?" என்றார்.

"நாறுச்சு மாமா. அப்புறம் நின்னு போச்சு."

"நீ எறங்கலியே?"

"இல்ல."

கண்ணை மூடிக்கொண்டார். ஒரு போட் வந்து, ஆளேற்றி, போனது. அப்புறம், கேட்காமலே சொன்னார்.

"உங்கப்பன் கையத் தூக்கினான் மோளே. என்னப் பாத்துத்தான் தூக்கினான். நா இத யாருட்டயும் சொல்லல. பாற்றயாவது முகூர்த்தமாவது, அந்த நேரத்துல எனக்கு ஒண்ணும் ஓர்மயில்ல. எறங்கத்தான் போனேன். ஒரு கால உள்ள வச்சாச்சு. அப்பத்தான் ஒஞ் சித்தப்பன் குதிக்க வந்தான். அவனப் புடிச்சேன். அவன் ஒதறுறான், கடிக்கிறான், எங் கை ஒழியல. கை ஒழிஞ்சிருந்தா நா போயிருப்பேன்."

இத்தனை வருஷமும் அவரைப் பேடி என்றோம். பிற்பாடு நான் மட்டும் அவரைப் புத்திசாலி என்று மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுமே தப்பு.

வீட்டில் அம்மா சாயா போட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா குடித்துக்கொண்டிருந்தார். மாமா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சித்தப்பா வழக்கம்போல, "அந்தப் பேடி..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார். "அப்போ நாந்தான் அவரப் புடிச்சு வச்சிருந்தேனா?" என்று என்னைக் கேட்டார். முப்பது தாண்டின மனுஷன், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

அம்மா இன்னொரு கிளாஸை எடுத்துக் கழுவினாள். ஆவி பறக்க ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"அண்ணனுக்குக் கொண்டு போய்க் குடு. நான் குடுத்தேன்னு சொல்லு."

ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோனேன். "அம்மா குடுத்தாங்க மாமா. அண்ணனுக்குக் குடுன்னாங்க" என்றேன். இரண்டு கையாலும் வாங்கினார். வழக்கம்போலத் தூண் மேடையில் வைத்து ஆறவிடுவார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. ஆடை படியவில்லை, ஆவி அடங்கவில்லை. நாக்கு வெந்திருக்கும். அங்கேயே நின்று, கண்ணில் தண்ணீர் வழிய, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.